பந்தல் போட்டுப் பார்த்தாயிற்று, கேன்டீனை எப்போது பார்ப்பது?

தொழிற்சாலைக்குள், செக்யூரிட்டி அறையை ஒட்டி ஒரு சாமியானா. இரண்டு மேசை, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, எடை பார்க்கும் மெஷின், பி.பி. கருவி, குளுக்கோமீட்டர். முதல் ஷிப்ட் முடித்தவர்கள் கம்பெனி பஸ் கிளம்புவதற்குள் வரிசையில் நிற்கிறார்கள். "சாப்பிட்டு எவ்ளோ நேரம் ஆச்சுண்ணா?" என்று கேட்டுக்கொண்டே நர்ஸ் விரல் நுனியைப் பஞ்சால் துடைத்து, சுருக்கென்று குத்துகிறார். ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு. சில நொடிகளில் எண் வந்துவிடுகிறது. "நூத்தி எழுபத்தெட்டு. பார்டர்ல இருக்குண்ணா. ஸ்வீட்டக் குறைங்க, வாக்கிங் போங்க." எண்ணைக் குறித்துக் கொடுத்த சீட்டு பர்ஸுக்குள் போகிறது. மறுநாள் அதே ஷிப்ட், அதே கேன்டீன், அதே டீ.

இத்தகைய முகாம்கள் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சர்க்கரை நோய் வலிக்காமல் வருவது, சோதித்தால்தான் தெரியும். ஆனால் சாப்பிட்டு எவ்வளவு நேரமானது என்று உறுதியாகத் தெரியாமல் எடுத்த ஒற்றை எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. வெறும் வயிற்றில் ஒரு பரிசோதனை, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி, பிறகு ஒரு டாக்டருடன் பத்து நிமிடம் என்று அந்தச் சீட்டு இன்னும் மூன்று படி போக வேண்டும். அது போகிறதா என்று பார்க்கும் பொறுப்பு பெரும்பாலான நிறுவனங்களில் யாருக்கும் இல்லை. முகாம் நடந்த புகைப்படம் மட்டும் ஆண்டறிக்கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

2023 ஜூனில் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் (INDIAB) ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. செய்திகளில் இந்த எண்தான் அடிபட்டது. இன்னொரு எண் அதைவிடப் பெரியது: நோயின் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடிப் பேர். முகாமில் 'பார்டர்' என்று சொல்லி அனுப்பப்படுகிறவர்களில் பலர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். இவர்களைத் தடுத்து நிறுத்த முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்பதற்கு நாற்பது வருட ஆதாரம் இருக்கிறது. அதில் முக்கியமான ஒரு பகுதி சென்னையிலேயே கிடைத்தது.

எண்ணெய் நகரத்தில் தொடங்கிய கதை

சீனாவின் வடகிழக்கில் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் இருக்கிறது டாச்சிங். 1959ல் பூமிக்கடியில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டதால் முளைத்த தொழில் நகரம். 1986ல் இந்த ஊரின் 33 கிளினிக்குகள் வழியாக ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து, வாசலில் நின்ற 577 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு கிளினிக் கிளினிக்காகப் பிரித்து, சிலருக்கு உணவு, சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்கு இரண்டும் என்று ஆறு வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஆறாவது வருட முடிவில், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் நூற்றுக்கு 68 பேருக்குச் சர்க்கரை வந்திருந்தது. உணவையும் உடற்பயிற்சியையும் சேர்த்துக் கடைப்பிடித்தவர்களில் 46 பேருக்கு.

முப்பது வருடம் கழித்து அதே ஆட்களைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற குழுவுக்கு நோய் சராசரியாக நான்கு வருடம் தள்ளிப் போயிருந்தது. இருதய, ரத்தநாள நோய்கள் கால் பங்கு குறைந்திருந்தன. ஆறு வருட உழைப்பின் பலன் முப்பது வருடம் நின்றது.

பின்லாந்தும் அமெரிக்காவும் 2001, 2002ல் வெளியிட்ட சோதனைகளில் ஆபத்து 58 சதவிகிதம் குறைந்தது. ஆனால் அவற்றில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் உடல் பருத்தவர்கள். ஒல்லியாக, வயிறு மட்டும் தள்ளி, முப்பத்தைந்து வயதிலேயே சர்க்கரைக்கு வந்துவிடும் நம் ஆட்களுக்கு அந்த மருந்து செல்லுமா?

டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான சென்னைக் குழு இதைச் சோதித்தது. வாசலில் நின்ற 531 நடுத்தர வர்க்கத்தினரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். 2006ல் முடிவு வந்தபோது இரண்டு செய்திகள் இருந்தன. முதல் செய்தி கலங்கடிப்பது: எதுவும் செய்யாத குழுவில் சுமார் மூன்றே வருடத்தில் 55 சதவிகிதம் பேர் நோயாளிகள் ஆகிவிட்டார்கள். டாச்சிங்கைவிட வேகம். இரண்டாவது செய்தி தெம்பளிப்பது: உணவையும் நடையையும் மாற்றிக்கொண்ட குழுவில் அது 39 சதவிகிதமாகக் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களிடமும் ஏறத்தாழ அதே பலன். மாத்திரையையும் பழக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் இரட்டிப்பாகும் என்று எதிர்பார்த்திருப்பார்கள்; ஆகவில்லை. எல்லாவற்றையும்விட வியப்பானது, பழக்கத்தை மாற்றிய குழுவில் எடை குறையவே இல்லை. எடை இறங்காமலேயே நோய் தள்ளிப்போனது. "ஒரு மாசமா நடக்கறேன், அரைக்கிலோகூட இறங்கல" என்று மனம் விட்டுப்போகிறவர்களுக்கு இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

அதே குழு அடுத்து வேலைக்குப் போகும் ஆண்களைப் பிடித்தது. 35 முதல் 55 வயதுக்குட்பட்ட 537 பேர். எல்லோருக்கும் தொடக்கத்தில் ஆலோசனை உண்டு. பாதிப் பேருக்கு மட்டும் அதன் பிறகு வாரத்துக்குச் சில முறை செல்போனில் குறுஞ்செய்தி: இன்று எதைத் தின்றாய், படியேறினாயா என்ற தினுசில் நினைவூட்டல்கள். இரண்டு வருடத்தில் செய்தி பெறாதவர்களில் 27 சதவிகிதமும் பெற்றவர்களில் 18 சதவிகிதமும் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். 2013ல் வெளியான முடிவு இது. ஒரு குறுஞ்செய்திக்கு ஆகும் செலவு என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் ஏன் தோற்கிறது?

தடுக்க முடியும் என்றால் கம்பெனிகள் நடத்தும் 'வெல்னஸ்' திட்டங்கள் எல்லாம் ஜெயித்திருக்க வேண்டுமே? இல்லை. ஜப்பான் 2008ல் சட்டமே போட்டது. 40 முதல் 74 வயது வரை எல்லோருக்கும் ஆண்டுதோறும் இடுப்புச் சுற்றளவை அளக்க வேண்டும்; ஆணுக்கு 85 செ.மீ., பெண்ணுக்கு 90 செ.மீ. தாண்டி, வேறு கோளாறும் இருந்தால் ஆலோசனைக்கு அனுப்ப வேண்டும். இலக்கை எட்டாத காப்பீட்டு அமைப்புகளுக்கு நிதிச் சுமை கூடும். 2020ல் ஒரு பெரிய ஆய்வு இதன் பலனை அளந்தது. ஒரு வருடத்தில் கிடைத்த எடைக் குறைவு கால் கிலோவுக்குச் சற்று அதிகம். ரத்தக்கொதிப்பிலோ சர்க்கரையிலோ சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை.

அமெரிக்காவில் பிஜேஸ் என்ற மொத்த விற்பனைக் கடைச் சங்கிலியின் 160 கிளைகள், ஏறத்தாழ 33,000 ஊழியர்கள். சில கிளைகளில் மட்டும் ஊட்டச்சத்து, உடற்பயிற்சி, மன அழுத்தம் என்று வகுப்புகள் நடத்தினார்கள். ஒன்றரை வருடம் கழித்துக் கேட்டால், "நான் உடற்பயிற்சி செய்கிறேன்" என்று சொன்னவர்கள் அதிகமாகியிருந்தார்கள். ரத்தத்தைச் சோதித்தால் வித்தியாசம் ஒன்றும் இல்லை. விடுப்பும் குறையவில்லை, மருத்துவச் செலவும் குறையவில்லை.

பக்கத்தில் கேரளத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. நெய்யாற்றின்கரை தாலுகாவில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, ஊர்க்காரர்களையே தலைவர்களாக்கிக் குழுக் கூட்டம் நடத்தினார்கள். இரண்டு வருடத்தில் 17 சதவிகிதத்துக்கும் 15 சதவிகிதத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் கிடைத்தது. புள்ளியியல் கணக்கில் அது நிற்காது.

இந்த முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது. டாச்சிங்கிலும் சென்னையிலும் விளிம்பில் நின்றவர்களைச் சரியாக அடையாளம் கண்டு, வருடக்கணக்கில் கையை விடாமல் பிடித்திருந்தார்கள். கம்பெனித் திட்டங்களோ எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் அறிவுரை தூவிவிட்டு, எட்டு வாரத்திலோ ஒரு வருடத்திலோ கணக்கை முடித்துவிடுகின்றன. இன்னொரு பெரிய விஷயம், அறிவுரை கேட்டுவிட்டுத் திரும்பிப் போகும் இடம் மாறவே இல்லை. பத்து மணி டீ மாறாமல் பத்து மணிப் பழக்கம் எப்படி மாறும்?

சென்னையின் மெட்ராஸ் டயபிடிஸ் ரிசர்ச் பவுண்டேஷனும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய சோதனையும் இதே திசையைக் காட்டுகிறது. 578 பேருக்கு ஆறு மாத வகுப்பு, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் பிறகு மெட்பார்மின். மூன்று வருடத்தில் ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பின்னர் இதே பாடத்தை வேலையிடங்களுக்குக் கொண்டுபோனபோது, வகுப்போடு நிற்காமல் கேன்டீனிலும் கை வைத்தார்கள். அங்கேதான் இந்தக் கட்டுரையும் போக விரும்புகிறது.

தட்டில் என்ன இருக்கிறது

ஒரு சாதாரண ஆலைக் கேன்டீனின் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் பள்ளத் தட்டு. நடுவில் குவித்த சோறு, அதன் மேல் சாம்பார், ஒரு குழியில் உருளைக்கிழங்குப் பொரியல், இன்னொரு குழியில் மூன்று விரலால் அள்ளுமளவு கூட்டு, ஓரத்தில் ஓர் அப்பளம். சோறு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம், கூட்டு ஒரு கரண்டிதான். விலையை வைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. கேன்டீன் கான்ட்ராக்ட் ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு என்றுதான் ஏலம் போகிறது, அரிசிதான் மலிவாக வயிற்றை நிரப்பும். இந்தியர்களின் உணவில் 62 சதவிகித ஆற்றல் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025ல் இந்தியாப் ஆய்வு கண்டுபிடித்தது. அந்தக் கணக்கை இந்தத் தட்டிலேயே பார்க்கலாம்.

டீக்கு வருவோம். பல இடங்களில் இப்போது பட்டன் மெஷின். பால், டீ, சர்க்கரை எல்லாம் கலந்த பிரீமிக்ஸ் பொடி. கடையில் "அண்ணே, சர்க்கரை கம்மி" என்று சொல்ல முடியும். மெஷினிடம் சொல்ல முடியாது. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நாலு டீக்கு எட்டு ஸ்பூன், சுமார் 35 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜிலேபி தின்னாத மனிதரும் இப்படித்தான் வரம்பைத் தாண்டுகிறார். 'ஸ்வீட்டைக் குறையுங்கள்' என்ற நர்ஸின் அறிவுரையைக் கேட்டு அவர், "நான்தான் ஸ்வீட்டே தொடறதில்லையே" என்று நினைப்பது நியாயம்தான்.

இரவு ஷிப்ட் தனிக்கதை. இரவில் உடல் இன்சுலினுக்குப் பகலைப் போல இசைந்து கொடுப்பதில்லை. இரண்டு மணிக்குத் தின்னும் பரோட்டாவும் பகல் இரண்டு மணிக்குத் தின்னும் பரோட்டாவும் ரத்தத்தில் ஒன்றல்ல. அமெரிக்க நர்ஸுகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், சுழற்சி முறையில் இரவுப் பணி பார்த்த வருடங்கள் கூடக் கூடச் சர்க்கரை நோயின் வாய்ப்பும் கூடியது. இருபது வருடம் தாண்டியவர்களுக்கு வாய்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கி வரும் பிள்ளைகளுக்கு இப்போது இருபத்தைந்து வயது. அவர்களுடைய கணக்கு 2045ல் வரும்.

ஒரு வேடிக்கையையும் சொல்லாமல் விட முடியாது. கணினி நிறுவனங்களில் "மணிக்கொரு முறை எழுந்து நில்லுங்கள்" என்று கைக்கடிகாரம் அதட்டுகிறது. தி.நகர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கிடைக்க 2021ல் சட்டசபை சட்டத் திருத்தம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. 'உட்காருவதே புதிய புகைப்பழக்கம்' என்று பேசும் ஹெச்.ஆர். மேனேஜர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவுக்கு வந்துபோகலாம்.

இன்னொன்று, யாரும் மேடையில் பேசாதது. முகாம் என்றால் நழுவிவிடுகிறவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. டிரைவர், கிரேன் ஆபரேட்டர், உயரத்தில் வேலை பார்ப்பவர். "சுகர்னு தெரிஞ்சா வேற வேலைக்கு மாத்திருவாங்க" என்ற பயம். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்தப் பயம் இன்னும் கூடுதல். மாற்ற வேண்டியதில்லை, அடுத்த மாதம் கூப்பிடாமல் விட்டால் போதும். ரிசல்ட் டாக்டரைத் தாண்டி ஹெச்.ஆர். மேசைக்குப் போகாது என்று எழுதிக் கொடுக்காதவரை, உண்மையிலேயே சோதிக்க வேண்டியவர்கள் பாத்ரூமில் ஒளிந்துகொள்வார்கள்.

வாசலுக்கு வெளியே

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பெரிய வேலை என்பதில் சந்தேகமில்லை. ஊர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் பி.பி., சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2024ல் ஐ.நா. விருதும் வந்தது. 2020ல் மாநிலத்தில் சர்க்கரை கட்டுக்குள் இருந்த நோயாளிகள் 10.8 சதவிகிதம், அடுத்த சுற்று ஆய்வில் 16.7. முன்னேற்றம்தான். இன்னும் ஆறில் ஐந்து பேருக்குக் கட்டுக்குள் இல்லை என்றும் அதே எண் சொல்கிறது. பகலில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் கண்ணில் ஷிப்ட் தொழிலாளி படமாட்டார் என்பதால், 2024ல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' ஆலைகளுக்குள் நுழைந்தது. சரியான யோசனை. ஆனால் இரண்டும் நோயைத் தேடிக் கண்டுபிடித்து மாத்திரை தரும் திட்டங்கள். வராமல் தடுக்கும் வேலை வேறு இடத்தில் இருக்கிறது.

எங்கே என்பதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் உண்டு. திருமங்கலத்தில் உள்ள ஏசியாட் காலனியில் ஆராய்ச்சியாளர்கள் சர்க்கரை நோயைப் பற்றி எடுத்துச் சொன்ன பிறகு, குடியிருப்பவர்கள் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு பூங்கா கட்டிக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்கிறவர்கள் 14 சதவிகிதத்திலிருந்து 59 சதவிகிதம் ஆனார்கள். நடக்கச் சொன்னதோடு, நடக்க இடமும் இருந்தது.

அதே ஆய்வில் இன்னொரு பகுதியும் இருந்தது: தி.நகரின் ஏழைக் குடியிருப்பு. பத்து வருடம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். காலனியில் சர்க்கரை நோய் 12.4 சதவிகிதத்திலிருந்து 15.4 ஆனது. ஏழைக் குடியிருப்பில் 6.5லிருந்து 15.3. பணக்கார வியாதி என்ற பழைய பெயர் பத்தே வருடத்தில் பொய்யாகிவிட்டது. சொந்தப் பணத்தில் பூங்கா கட்டிக்கொள்ள முடியாதவர்களுக்கு அதை அரசாங்கம்தான் கட்ட வேண்டும். 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை திட்டம் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் ஊருக்கு ஒரு நடைபாதை, காலையில் காரில் வந்து நடந்துவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் முதலில் பயன்படும். தெருவில் உடையாத பிளாட்பாரம் இருந்தால் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் எல்லோரும் நடப்பார்கள்.

ரேஷன் கடையும் இந்தக் கணக்கில் வரும். இலவச அரிசி பசியைப் போக்கியது. அதைக் குறை சொல்பவர் பசி தெரியாதவர். 2023ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். கூடவே பருப்பு, பயறு அதிகமானால் இன்னும் நல்லது.

வரி விஷயத்தில் நாம் கோட்டைவிட்டிருக்கிறோம். பிரிட்டன் 2018 ஏப்ரலில் கொண்டுவந்த குளிர்பான வரி சர்க்கரையின் அளவைப் பார்க்கிறது: 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழே என்றால் வரி இல்லை, 8 கிராம் தாண்டினால் அதிகம். இரண்டு வருடம் முன்பே அறிவித்துவிட்டதால், வரி வருவதற்குள் பல நிறுவனங்கள் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்துவிட்டன. நாம் காற்றடைத்த பானங்களுக்கு 40 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வாங்குகிறோம், அவர்களைவிடக் கடுமை. ஆனால் சர்க்கரை போட்ட பாட்டிலுக்கும் போடாத பாட்டிலுக்கும் ஒரே வரி. பிறகு எந்தக் கம்பெனி சர்க்கரையைக் குறைக்கும்?

இதற்கெல்லாம் டெல்லியும் கோட்டையும் மனசு வைக்க வேண்டும். கேன்டீனுக்கு அது தேவையில்லை. 1948ம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46வது பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் கட்டாயம் என்றது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 100 ஆகக் குறைத்திருக்கிறது. அந்தப் பழைய பிரிவிலேயே கேன்டீன் நிர்வாகக் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடம் சொல்லியிருந்தது. பல ஆலைகளில் இந்தக் கமிட்டி கூடும்போது வடையின் அளவும் சாம்பாரின் கெட்டியும்தான் பேசப்படுகின்றன.

அங்கே கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. சோற்றில் கை வைத்தால் சண்டை வரும், யூனியன் முதலில் எழுந்து நிற்கும், வைக்க வேண்டாம். கூட்டையும் சுண்டலையும் அளவில்லாமல் போடட்டும், வரிசையில் அவை முதலில் வரட்டும். காய்கறியும் பயறும் முதலில் உள்ளே போனால் பின்னால் வரும் சோறு ரத்தச் சர்க்கரையை அவ்வளவு வேகமாக ஏற்றாது. பிரீமிக்ஸ் டெண்டரில் 'சர்க்கரை இல்லாதது' என்று எழுதிவிட்டு, சர்க்கரை டப்பாவைப் பக்கத்தில் வைத்தால் போட்டுக்கொள்கிறவர் போட்டுக்கொள்வார். அரை மணி நேர லஞ்சை நாற்பது நிமிடமாக்கினால் சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடக்கலாம். இதில் கடைசி ஒன்றுதான் நிர்வாகத்துக்குக் கசக்கும், உற்பத்திக் கணக்கில் கை வைப்பதால். சம்பளப் பேச்சுவார்த்தைக்கான கோரிக்கைப் பட்டியலில் யூனியன்கள் அந்தப் பத்து நிமிடத்தைச் சேர்த்தால், ஆலைக்குள் சர்க்கரை நோய்த் தடுப்புக்காக எழுந்த முதல் நிஜமான கோரிக்கையாக அது இருக்கும்.